உருத்திரபுரத்து மாப்பிள்ளை

என் தம்பி சதீசின் முழங்காலை உடைத்தவர்கள் அக்கராயன்காரர்கள். நாங்களும் அக்கராயன்காரர்கள்தான். அவன் அன்றைக்கு விளையாடியது உருத்திரபுரத்துக்காக. இதைக் கேட்கிற எவரும் முதலில் என் தம்பியைத்தான் ஏசுவார்கள். நானும் ஏசினேன். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு ஏசுங்கள்.

சதீஸ் சம்பளத்துக்குப் பந்து விளையாடுகிறவன். வடக்குக் கிழக்கு அணிகள் மோதுகிற லீக்கில் ஆனையிறவு அணியின் முன்கள வீரன், ஒன்பதாம் இலக்கம். அணியின் முதலாளி தவராசா ஐயா, உருத்திரபுரத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவர். ஒப்பந்தத்தை வாசித்து, விளக்கி, தம்பியைக் கையெழுத்து வைக்கச் சொன்னது நான்தான். அணிக்காக விளையாடிக் காயப்பட்டால் வைத்தியம் அணியின் பொறுப்பு, அவன் இடமும் அவனுக்கே. முதலாளியின் அனுமதியோடு வேறு இடத்தில் விளையாடினாலும் அப்படியே. அனுமதி இல்லாமல் போய்க் காயப்பட்டால் ஒப்பந்தம் அன்றோடு சரி.

நான் ரஜிதா. அக்கராயன் சந்தியில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் வாய் என் கத்தரிக்கோலைவிடக் கூர் என்று ஊரில் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

எங்கள் கிளிநொச்சிப் பக்கத்தில் அறுவடை முடிந்த கையோடு ஆலடிக் கிண்ணம் நடக்கும். ஊருக்கு ஊர் மோதல். அதற்கு ஒரு பழைய விதி உண்டு: விளையாடுகிறவன் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஊரில் பெண் எடுத்தோ பேசி முடித்தோ இருக்க வேண்டும். வெளியூர்ப் பொடியன்களைக் கூலிக்கு இறக்குவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. மாப்பிள்ளைமார் விளையாடுவதை யாரும் குறை சொல்வதில்லை. மாமியார் வீட்டுச் சோறு ஓட வைக்கிறது என்று கேலி மட்டும் பண்ணுவார்கள்.

இந்த வருடம் எங்கள் ஊர் அணித்தலைவன் தர்சன், தவராசா ஐயாவிடமே போய், சதீசை ஊருக்காக விளையாட விடும்படி கேட்டான். "சம்பளத்துக்கு விளையாடுற கால் தம்பி. ஊர் மச்சில உடைக்கக் குடுக்கேலாது," என்று ஐயா மறுத்துவிட்டார். நியாயமான பேச்சுத்தான். சதீசும் மனதுக்குள் புழுங்கிக்கொண்டு வீட்டில் இருந்தான்.

இறுதி ஆட்டத்துக்கு வந்தவை அக்கராயனும் உருத்திரபுரமும். அன்றைக்கென்று பார்த்து உருத்திரபுரத்தின் முன்கள வீரன் டெங்குக் காய்ச்சலில் படுத்துவிட்டான். மத்தியானம் நாங்கள் சோற்றுக் கோப்பையோடு இருக்கும்போது ஐயாவின் வாகனம் எங்கள் முற்றத்தில் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"தம்பி, சப்பாத்தை எடுத்துக்கொண்டு ஏறு. ஒரு பாதி ஆட்டம் மட்டும்."

"எங்கட ஊருக்கு எதிராவோ ஐயா?"

"நான் சொல்றன். ஏறு."

சம்பளம் தருகிறவர் சொல்கிறார். கை கழுவிக்கொண்டு ஏறிப் போனான். நான் பின்னால் சைக்கிளில் போனேன்.

மைதானத்தில் சதீசை உருத்திரபுரத்துச் சட்டையோடு கண்டதும் தர்சன் நேரே போட்டிக் குழுவின் மேசைக்கு ஓடினான். "அவன் எங்கட ஊரில பிறந்தவன். எங்களுக்கே விளையாட விடேல்ல. உங்களுக்கு எப்பிடி இறக்குவியள்?" என்று கத்தினான். மேசையில் இருந்தவர்கள் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயாவின் கண்ணுக்குள் அந்த நேரம் கிண்ணத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவர் ஊர் அதைத் தூக்கிப் பல வருடம்.

"பொடியன் எங்கட ஊர் மாப்பிள்ளை," என்றார்.

"கலியாணம் எப்ப நடந்தது?"

"பேசி முடிச்சாச்சு."

"எந்த வீட்டில ஐயா?"

இல்லாத சம்பந்தத்துக்கு அடுத்தவன் வீட்டை இழுக்க முடியுமா? இழுத்தால் அந்த வீட்டுக்காரன் சும்மா விடுவானா? ஐயா தொண்டையைச் செருமினார். "எங்கட வீட்டிலதான்," என்றார்.

அவருக்கு ஒரே மகள், சிவதர்சினி. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். என் தம்பியோடு ஒரு சொல் கதைத்தது இல்லை. அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாய்க்கால் காணி எடுத்துக் குடியேறிய குடும்பம். எங்கள் அம்மா அப்பா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். சந்தை ஒன்று, கோயில் ஒன்று, பஸ் ஒன்று. பெண் கொடுக்கல் எடுக்கல் என்றால் மட்டும் கதவு சாத்திவிடும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் மேசையில் இருந்தவர்கள் மறுபேச்சில்லாமல் நம்பினார்கள். தவராசா ஐயா வேறு எந்தப் பொய்யும் சொல்வார், இந்தப் பொய்யைச் சொல்லமாட்டார் என்று நினைத்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர் கணபதி அண்ணை. அவர் வீட்டில் தண்ணீர் கேட்பதே செந்தமிழில்தான். "இதோ, உருத்திரபுரத்து மாப்பிள்ளை, தவராசா ஐயாவின் வருங்கால மருமகன் சதீஸ் களமிறங்குகிறார்!" என்று முழங்கினார். அதன் பிறகு தம்பி பந்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் மருமகன் தொட்டார், மருமகன் திரும்பினார், மருமகன் உதைத்தார். அவ்வளவும் முகநூல் நேரலையில் லண்டன், கனடா வரைக்கும் போனது.

மருமகன் ஒரு கோலும் போட்டார். நான் அக்கராயன் பக்கத்தில் இருந்துகொண்டு கை தட்டவும் முடியாமல், தட்டாமல் இருக்கவும் முடியாமல் தவித்தேன். கொஞ்ச நேரத்தில் தர்சனும் அவனும் ஒரே பந்துக்குப் பாய்ந்தார்கள். தர்சன் வேண்டுமென்று செய்யவில்லை. சதீசின் பாதம் புல்லில் நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பியது. அவன் போட்ட சத்தத்தில் நான் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன்.

கிண்ணம் உருத்திரபுரத்துக்குப் போனது. தம்பி ஆஸ்பத்திரிக்குப் போனான்.

முழங்காலுக்குள் இருக்கிற சவ்வு அறுந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னார். கெதியாக ஒப்பரேசன் செய்து ஒழுங்காகப் பயிற்சியும் எடுத்தால் அடுத்த வருடம் பழையபடி ஓடலாம். செய்யாவிட்டால் நடக்கலாம், பந்து விளையாட முடியாது. காத்திருந்தால் தசை வற்றிவிடும் என்றும் சொன்னார்.

ஐயா முதலில் ஹோர்லிக்ஸ் போத்தலோடும் தோடம்பழத்தோடும் வந்தார். அடுத்த தடவை ஒரு கடதாசியோடு வந்தார். 'நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் வேறு அணிக்கு விளையாடிக் காயப்பட்டேன், என் சொந்த விருப்பத்தில் அணியை விட்டு விலகுகிறேன்' என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. லீக் தொடங்கப் போகிறது, சதீசின் பெயரை எடுத்தால்தான் இன்னொருவனைப் பதிய முடியும் என்றார். சதீஸ் ஐயா நீட்டிய பேனாவை வாங்கிவிட்டான். பந்தைத் தவிர வேறெதையும் எதிர்த்து உதைக்கத் தெரியாத பிள்ளை. நான் பேனாவைப் பறித்து என் கொண்டையில் செருகினேன்.

"ஐயா, கூப்பிட்டது நீங்கள். வாகனம் அனுப்பினது நீங்கள். பிறகென்ன அனுமதி இல்லாமல்?"

"பிள்ளை, நான் அண்டைக்குக் கூப்பிட்டது ஊர்க் கழகத்தின்ர தலைவரா. ரீம் ஓனரா இல்லை. ரெண்டும் வேற வேற."

"ஓமோ? அப்ப ஊர்க் கழகத்துத் தலைவர் எங்க இருப்பார்? நான் அவரோடயே கதைக்கிறன்."

"விசர்க் கதை கதைக்காத. கையெழுத்து வைக்காட்டி அவனுக்குத்தான் நட்டம்," என்று சொல்லி, கடதாசியை விட்டுவிட்டுப் போனார்.

நாங்கள் கையெழுத்து வைக்கவில்லை. அதுமட்டும் இல்லை, ஒப்பந்தத்தில் பயிற்சிக்கு வராவிட்டால் குற்றம் என்றும் இருந்தது. ஆகவே தம்பி தினமும் பயிற்சிக்குப் போனான். ஊன்றுகோல் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒன்பதாம் இலக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிப் போய் மைதான ஓரத்து வாங்கிலில் இருந்தான். ஆட்கள் ஓடுவதைப் பார்த்தான். பந்து எல்லையைத் தாண்டி வந்தால் ஊன்றுகோலால் திருப்பித் தட்டினான். ஐயா வந்து முறைத்தால் எழும்பி வணக்கம் சொன்னான். சிரிக்கவும் வந்தது, அழவும் வந்தது எனக்கு. அவன் தொடை ஒவ்வொரு கிழமையும் மெலிந்துகொண்டு போனதை அளவு நாடா வைத்திருக்கிற நான்தானே பார்த்தேன்.

"அக்கா, விடுவமா? நீ உனக்கும் சேர்த்துப் பகை தேடுறாய்," என்று ஒரு நாள் கேட்டான்.

"விளையாட ஆசை இருக்கோ இல்லையோ?"

"இருக்கு." சொல்லும்போதே அவன் கண் நிரம்பிவிட்டது.

"அப்ப பொத்திக்கொண்டிரு," என்றேன்.

அன்றைக்குத்தான் எனக்கு வழி தெரிந்தது. முதலாளியோடு பேசினால் ஊர்த் தலைவர் என்கிறார். ஊர்த் தலைவரோடு பேசினால் விசர்க் கதை என்கிறார். மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறாரே, கணபதி அண்ணை ஊரைக் கூட்டிச் சொன்ன மாமனார்! அவரை இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லையே.

ஒரு நல்ல நாள் பார்த்து அம்மாவுக்கு அவவின் மஞ்சள் சேலையைக் கட்டிவிட்டேன். அம்மா அழகம்மா பயந்த சுபாவம். "அடியே, அவுங்க வீட்டு வாசல்ல நாம ஒருநாளும் ஏறுனது இல்லையே," என்றா. "அதுக்கென்ன, இப்ப ஏறுவம்," என்றேன். வெற்றிலை, வாழைப்பழம், தேங்காய், கற்கண்டு, மஞ்சள், பூ எல்லாம் தட்டங்களில் வைத்து, ஓட்டோவை அவர்கள் வாசல் படலைக்குக் கொஞ்சம் தள்ளி நிற்பாட்டினேன். மிச்சத் தூரம் தட்டங்களைக் கையில் ஏந்தி நடந்தோம். வேலிக்கு வேலி தலைகள் எழும்பின. எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஐயாவின் மனைவி ஜெகதீஸ்வரி அம்மா வெளியே வந்தா. "வாங்கோ," என்று வாய் சொல்லிவிட்டது. பிறகுதான் தட்டங்களைக் கண்டா.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்திருக்கிறம் அம்மா," என்றேன், மூன்று வளவுக்குக் கேட்கும்படி.

அவவின் முகம் சிவந்து வெளுத்தது. எங்களை ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "இஞ்ச வாங்கோ! நீங்கள் மைதானத்தில பேசின சம்பந்தம் வாசலில வந்து நிக்குது!" என்று கத்தினா. குரலைப் பார்த்தால் அந்த வீட்டில் இந்தச் சண்டை அன்றைக்குத் தொடங்கியது மாதிரி இல்லை. சிவதர்சினிக்கு லண்டனில் இருந்து வந்த ஒரு சம்பந்தம் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டது என்று சந்தையில் கேள்விப்பட்டிருந்தேன்.

ஐயா சாறத்தை இறுக்கிக்கொண்டு வந்தார். "என்ன கூத்து இது? உங்கட ஆக்களுக்கு இடம் குடுத்தா..."

நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்கோ ஐயா," என்றேன். "மிச்சத்தையும் கேட்டிட்டுப் போறன். இடம் குடுத்தா என்ன? மைக்கில மருமகன் எண்டு சொல்லேக்க நாங்கள் எந்த ஆக்கள்?"

தட்டத்தை அவர் பக்கம் நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதில் சொன்னது ஜெகதீஸ்வரி அம்மாதான். "உள்ளுக்கு வாங்கோ. வந்து கதிரையில இருங்கோ," என்றா. அம்மா கதிரையின் நுனியில் இருந்தா. நான் நன்றாகச் சாய்ந்து இருந்தேன்.

எதிரே கண்ணாடி அலுமாரி. அதற்குள் மற்றப் பொருளெல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நடுவில் ஆலடிக் கிண்ணம். பூமாலைகூடக் காயாமல் புதிதாகப் போட்டிருந்தது.

"ஐயா, உங்கட மகளைக் கேட்டு நாங்கள் வரேல்ல," என்றேன். "நான் வந்தது கால் விசயமா. சதீஸ் உங்கட மருமகன் எண்டால் அந்தக் கால் உங்கட வீட்டுக் கால். அதை நீங்கள்தான் கட்டவேணும். மருமகன் இல்லையெண்டால், இந்தா, அந்தக் கடதாசி. இப்பவே தம்பியைக் கையெழுத்து வைக்கச் சொல்றன். வைச்சதும் நேர போட்டிக் குழுவிட்டக் கொண்டுபோய்க் குடுப்பன். மருமகனும் இல்லை, அனுமதியும் இல்லை, அப்ப உருத்திரபுரம் ஆரை இறக்கிக் கப் எடுத்தது? தர்சன் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினோட சந்தியில நிக்கிறான். கப்பை ஏத்திக்கொண்டு போகத்தான்."

தர்சன் சந்தியில் நிற்கவில்லை. அவன் வயலில் நின்றான். ஆனால் ஒரு சொல் போதும், பறந்து வந்திருப்பான்.

ஐயா கிண்ணத்தைப் பார்த்தார். கடதாசியைப் பார்த்தார். "கப்பைப் பற்றிக் கதைக்காத பிள்ளை," என்றார். குரல் இறங்கிவிட்டது. "அது ஊர்ச் சொத்து."

"கால் எங்கட வீட்டுச் சொத்து ஐயா."

அப்போதுதான் சிவதர்சினி அறையிலிருந்து வந்தாள். எனக்கு அவளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. "தங்கச்சி, உங்களை இதுக்குள்ள இழுத்ததுக்குக் குறை நினைக்காதேங்கோ," என்றேன்.

"நீங்கள் இழுக்கேல்ல அக்கா," என்றாள். கடதாசியை எடுத்து நின்றபடியே வாசித்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"அனுமதி இல்லாமல் எண்டு எழுதியிருக்கு. உங்கட வாகனத்திலதானே அந்தப் பொடியன் வந்தது?"

ஐயா சாறத்தின் முடிச்சை மறுபடி இறுக்கினார்.

"பள்ளிக்கூடத்தில பிள்ளையள்கூட என்னைப் பார்த்துச் சிரிக்குதுகள் அப்பா. ஒரு கப்புக்காக என்னை ஊருக்கு முன்னால கட்டிக் குடுத்தீங்கள். என்னட்ட ஒரு சொல் கேக்கேல்ல. நானும் உங்களிட்ட ஒண்டும் கேக்கேல்ல. இப்ப ஒண்டே ஒண்டு கேக்கிறன். அந்தக் காலைச் சரியாக்கிக் குடுங்கோ."

சொல்லி முடிக்கும்போது அவள் குரல் உடைந்தது. நான் கத்தியோடு வந்த வீட்டில் அவள் பூவை எடுத்து வைத்தது போல இருந்தது. ஜெகதீஸ்வரி அம்மா குசினிக்குள் போய்விட்டா. கோப்பைகள் எடுக்கிற சத்தம் கேட்டது.

தவராசா ஐயா கெட்ட மனிதர் இல்லை. கிண்ணம் என்றால் புத்தி மழுங்கிவிடும், அவ்வளவுதான். மகளிடமிருந்து கடதாசியை வாங்கி மடியில் விரித்தார். பிறகு கையை நீட்டினார்.

"பேனாவைத் தா பிள்ளை."

கொண்டையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு நான் பறித்த அவருடைய பேனாதான். விலகல் கடதாசியைக் குறுக்கே கோடு இழுத்து வெட்டினார். அதன் பின்பக்கத்தில், சதீஸ் தன்னுடைய அனுமதியோடு விளையாடிக் காயப்பட்டான், வைத்தியம் அணியின் பொறுப்பு, சுகமாகி வரும்வரை ஒன்பதாம் இலக்கம் அவனுக்கே என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். நான் இரண்டு முறை வாசித்தேன். சிவதர்சினி சாட்சிக் கையெழுத்து வைத்தாள். தேத்தண்ணி வந்தது, விருந்தாளிகளுக்கு வைக்கிற பூப்போட்ட கோப்பையில். அம்மா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தா.

தட்டங்களைத் திருப்பிக் கொண்டுபோக எழும்பினேன். "வைச்சிட்டுப் போங்கோ," என்றா ஜெகதீஸ்வரி அம்மா. "வந்த பொருளைத் திருப்பி அனுப்பக் கூடாது."

ஒப்பரேசன் யாழ்ப்பாணத்தில். ஐயாவே வாகனத்தில் கூட்டிக்கொண்டு போனார். ஆனையிறவு தாண்டியதும், "அண்டைக்கு நீ போட்ட கோல் வடிவான கோல்," என்று முன்னால் பார்த்தபடி சொன்னார். பின்சீட்டில் கால் நீட்டி இருந்த சதீஸ், "ஓம் ஐயா," என்றான்.

ஆஸ்பத்திரி விடுதி வாசலில் தாதி என்னை மறித்தாள். "ஆம்பிளையளின்ர வார்ட் அக்கா. நீங்கள் நிக்கேலாது. கூட நிக்க ஆம்பிளை ஒராள் வேணும்."

எங்களுக்கு அப்பா இல்லை. நான் வாயைத் திறக்க முதலே ஐயா சொன்னார், "நான் நிக்கிறன்."

"நீங்கள் ஆர்?"

"ரீம் ஓனர்."

"சொந்தக்காரருக்கு மட்டும்தான் பாஸ் துண்டு குடுக்கலாம் ஐயா. என்ன முறை?"

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்து வாங்கிலில் கிளிநொச்சி ஆட்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் அவருடைய ஆலைக்கே நெல் கொண்டுவருகிறவர். வேறு நாளாக இருந்தால் நான் அந்த இடத்தில் ஒரு பொய்யைச் சொல்லிக் காரியத்தை முடித்திருப்பேன். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பைக்குள் துவாயைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

"மருமகன்," என்றார், மெதுவாக.

"கேக்கேல்ல ஐயா."

"மருமகன்!" என்றார் தவராசா ஐயா. விடுதி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நெல்லுக்காரர் வாங்கிலை விட்டு எழும்பிவிட்டார். "என்ர மருமகன் எண்டு எழுதுங்கோ."

தாதி எழுதினாள். நான் துவாயும் தண்ணீர்ப் போத்தலும் இருந்த பையை அவர் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.